பட்டறையை விட்டு எழுந்து போனவர்களுக்கு

கல்லூரி நாட்களில் ஏதாவது ஒரு கவிதைப் பட்டறையில் இரண்டு நாளோ இரண்டு வருடமோ உட்கார்ந்திருந்து, இப்போது வங்கிக் கவுண்டரிலும் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமிலும் கடல்கடந்த ஊரில் இரவு ஷிஃப்டிலும் இருக்கிற எல்லோருக்கும்,



ஒரு வகுப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். ஊர் மெக்சிகோ நகரம், வருடம் 1975. அங்குள்ள தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் தத்துவ, இலக்கியத் துறையில் ஆலமோ என்ற கவிஞர் பட்டறை நடத்துகிறார். நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒருவர் எழுதி வந்ததை வாசிப்பார், ஆசிரியர் மெச்சுவார் அல்லது கிழிப்பார், பிறகு அடுத்தவர். அந்த வகுப்பில் ஹுவான் கார்சியா மதேரோ என்று ஒரு பையன். 17 வயது, தாய் தகப்பன் இல்லை, உறவினர் வீட்டில் வளர்கிறான். சட்டம் படிக்கச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். மனசோ கவிதையில் கிடக்கிறது. யாப்பிலக்கணம் அத்துப்படி. அவன் ஒருநாள் ஆசிரியரைப் பார்த்து, ரிஸ்பெத்தோ என்றால் என்ன என்று கேட்கிறான். அது இத்தாலியப் பாவகை. ஆறு அல்லது எட்டு அடி, காதல்தான் பொருள். ஆலமோவுக்குத் தெரியவில்லை. ஸ்பானிய மொழியில் ‘மரியாதை’ என்ற சொல்லுக்கும் ஏறக்குறைய அதே ஒலி. பையன் தன் கருத்துக்கு மரியாதை கேட்கிறான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, விமர்சனம் எப்படி இருக்க வேண்டும் என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுகிறார். தளை தட்டுகிறதா என்று கேட்டவனுக்குத் தலைவலி மாத்திரை நீட்டின கதை.

பிறகொரு நாள் அதே வகுப்புக்குள் அழையா விருந்தாளிகளாக இருவர் நுழைகிறார்கள். உலீசெஸ் லீமா, ஆர்த்துரோ பெலானோ. தங்களை ‘அடிவயிற்று யதார்த்தவாதிகள்’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு பெயரால் அழைத்துக்கொள்ளும் கூட்டம். ஆசிரியரோடு வாய்த்தகராறு முற்றுகிறது. லீமா ஜாக்கெட் பையிலிருந்து கசங்கிய தாள்களை உருவி ஒரு கவிதை வாசிக்கிறான். தன் வாழ்நாளில் கேட்டதிலேயே ஆகச் சிறந்த கவிதை அது என்று கார்சியா மதேரோ டைரியில் எழுதி வைக்கிறான்.

அந்தக் கவிதை எங்கே? சுமார் 600 பக்கப் புத்தகத்தில் அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

புத்தகத்தின் பெயர் ‘லோஸ் தெதெக்திவெஸ் சல்வாஹெஸ்’. ஆங்கிலத்தில் ‘தி சாவேஜ் டிடெக்டிவ்ஸ்’. எழுதியவர் சிலி நாட்டில் பிறந்த ரொபெர்த்தோ பொலான்யோ. 1998-இல் பார்சலோனாவின் அனக்ராமா பதிப்பகம் வெளியிட்டது. அதே வருடம் ஹெர்ரால்தே பரிசும் மறு வருடம் ரோமுலோ காயேகோஸ் பரிசும் கிடைத்தன. நடாஷா விம்மர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2007-இல் வந்தது. அதைப் பார்க்க ஆசிரியர் இல்லை. கல்லீரல் மாற்று அறுவைக்குக் காத்திருந்த நிலையில் 2003 ஜூலையில், 50 வயதில் போய்விட்டார். இந்த நாவலைப் பற்றி உங்களுக்கு மடல் எழுதக் காரணம் உண்டு. உலகத்தில் கவிஞர்களைப் பற்றி எத்தனையோ நாவல்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கடைசியில் யாராவது ஒருவர் பெரிய கவிஞராகிவிடுவார். இதில் யாரும் ஆவதில்லை. பட்டறையிலிருந்து எழுந்து போனவர்களின் வருகைப் பதிவேட்டை இருபது வருடம் விடாமல் எடுக்கிற புத்தகம் இது. உங்கள் பெயரும் இதில் வேறு உச்சரிப்பில் இருக்கும்.

நாவல் மூன்று துண்டு. முதல் துண்டு பையனின் டைரி, 1975 நவம்பர் 2-இல் தொடங்குகிறது. முதல் குறிப்பில் அடிவயிற்று யதார்த்தவாதத்தில் சேர அழைப்பு வந்தது, சேர்ந்துவிட்டேன் என்கிறான். மறுநாள் குறிப்பில், அப்படியென்றால் என்னவென்று சரியாகத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறான். இந்த இரண்டு குறிப்புகளுக்கும் இடையில் கிடக்கிறது ஒவ்வொரு சிற்றிதழ்க் குழுவின் சரித்திரமும். அதற்குப் பிறகு வகுப்புக்குப் போவது நின்றுவிடுகிறது. புக்காரெலி தெருவில் ஒரு காப்பிக் கடை, சாராயக் கடையில் பரிமாறும் பெண்கள், பழைய புத்தகக் கடைகளில் திருட்டு; எந்தக் கடையில் எந்தப் புத்தகத்தைத் தூக்கினான் என்று கணக்குப்பிள்ளை மாதிரி எழுதி வைக்கிறான். குழுவுக்கு ஒரு பத்திரிகையும் உண்டு. பெயர் ‘லீ ஹார்வி ஆஸ்வால்ட்’. வந்தது ஓரிரு இதழ்தான். குழுவின் இரண்டு பெண் கவிஞர்களுடைய அப்பாவான கட்டடக் கலைஞர் ஒருவர் அதற்குக் கைகொடுத்தார். பிற்பாடு அவருக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. பத்திரிகையால்தான் என்று நாவல் சொல்லவில்லை.

டிசம்பர் 31 நள்ளிரவில் டைரி அறுபடுகிறது. லூபே என்ற பாலியல் தொழிலாளிப் பெண்ணை அவளுடைய தரகன் துரத்த, பெலானோ, லீமா, கார்சியா மதேரோ மூன்று பேரும் அவளை ஏற்றிக்கொண்டு அந்தக் கட்டடக் கலைஞரின் வெள்ளை இம்பாலா காரில் வடக்கே சொனோராப் பாலைவனத்தை நோக்கி ஓடுகிறார்கள். என்ன ஆயிற்று? நாவல் உடனே சொல்லாது. பக்கத்தைத் திருப்பினால் இரண்டாம் துண்டு: 1976 முதல் 1996 வரை, 50-க்கும் மேற்பட்டவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பேசுகிறார்கள். மெக்சிகோ, பாரிஸ், பார்சலோனா, வியன்னா, டெல் அவிவ், சான் டியேகோ, லைபீரியா. யாரோ ஒருவர் டேப் ரெக்கார்டரோடு போய் எல்லோரையும் விசாரிப்பது போன்ற தோற்றம். பெலானோவும் லீமாவும் மட்டும் பேசுவதே இல்லை. எப்போதும் அடுத்தவர் வாயில்தான் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். கடன் வாங்கினான், குளிக்க வந்தான், இரண்டு வாரம் எங்கள் சோபாவில் படுத்தான், ஒருநாள் காணோம்.

இந்த இரண்டாம் பகுதி எளிதான வாசிப்பு இல்லை. இந்த மடலை எழுதுகிறவர் முதல் தடவை நடுவில் சுமார் 80 பக்கத்தைத் தாண்டிக் குதித்தவர். இரண்டாம் தடவைதான் அந்தப் பக்கங்களில் எத்தனை பேர் காத்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. பெண்கள் விஷயத்திலும் நாவல் முழுக்கக் கண் திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆண் கவிஞர்களுக்குப் படுக்கவும் குளிக்கவும் சாப்பிடவும் இடம் தருகிறவர்களாகவே பல பெண்கள் வருகிறார்கள். ஆனால் பேச வாய் கிடைத்தவுடன், அந்த ஆண்களைப் பற்றி மிகச் சரியான வார்த்தையைச் சொல்பவர்களும் அவர்கள்தான். லாவ்ரா ஹாவ்ரெகி பெலானோவின் பழைய காதலி. கவிதையை விட்டுவிட்டு உயிரியல் படிக்கப் போய்விட்டவள். அந்த இலக்கிய இயக்கம் மொத்தமுமே தன்னைக் கவரப் போட்ட ஆட்டம் என்று ஒரே போடாகப் போடுகிறாள். அவள் சொல்வதில் பாதி உண்மை என்று வைத்துக்கொண்டாலும், எத்தனை மொழிகளின் எத்தனை இயக்கங்களுக்கு அது பொருந்தும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சோச்சில் கார்சியாவின் கதை அதைவிட நெருக்கமானது. குழுவிலேயே சின்னவர்களில் ஒருத்தி, குழந்தை பிறந்து, துணைவனும் பிரிந்துபோன பிறகு சூப்பர்மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்கிறாள். பிள்ளை தூங்கின பிறகு எழுதுகிறாள். எழுதியதைத் தூக்கிக்கொண்டு பத்திரிகை அலுவலகங்கள் ஏறி இறங்குகிறாள். குழுவின் பெயரைச் சொன்னாலே கதவு மூடும். அந்தப் பையன்கள் ஊரில் சம்பாதித்து வைத்திருந்த பகை அப்படி. கடைசியில் ஒரு சாதாரணப் பத்திரிகையில் கட்டுரை எழுதவும் திருத்தவும் இடம் கிடைக்கிறது. பட்டறைக் காலத்தில் கலகம் பேசியவர்கள் எல்லாம் பல திசையில் சிதறிப்போக, சத்தமில்லாமல் எழுதிக்கொண்டே இருப்பவள் அவள்தான்.

மற்றவர்கள்? ரஃபாயெல் பாரியோஸ் அமெரிக்கக் காதலியோடு கலிஃபோர்னியாவுக்குப் போகிறான். அவன் வேலைவெட்டி இல்லாமல் கிடப்பதைக் காதலி காது கூசும் வசவுகளோடு விவரிக்கிறாள். எர்னெஸ்தோ சான் எபிஃபானியோவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வீக்கம், அறுவை நடக்கிறது, பிழைக்கிறான், ஆனால் பழைய ஆள் திரும்பி வரவில்லை, பிறகு இறந்துபோகிறான். எல்லோரும் மோகித்த ‘தெய்வீகத் தோல்’ என்ற பட்டப்பெயர்க்காரன் போலீஸ் துப்பாக்கிக்கு இரையாகிறான். அவனை ரகசியமாக நேசித்தவனோ எதிரணிக் கவிஞன். லீமா ஒரு பெண்ணைத் தேடி இஸ்ரேல் போகிறான், அங்கே சிறைக்குள் கிடக்கிறான், வியன்னாவுக்குப் போகிறான். எழுத்தாளர் தூதுக்குழுவோடு நிகராகுவாவுக்குக் கூட்டிப்போனால் ஓட்டலிலிருந்து காணாமல் போய்விடுகிறான். இரண்டு வருடம் கழித்து மெக்சிகோவில் தலைகாட்டுகிறான்.

பட்டியல் போதும். ஒரு குளியலறைக்குள் எட்டிப் பார்க்கலாம்.

லீமாவின் அசல் மனிதர் மரியோ சந்தியாகோ பாப்பாஸ்கியாரோ. 1953-இல் மெக்சிகோ நகரத்தில் பிறந்தவர், இயற்பெயர் வேறு. புத்தகம் இரவல் வாங்கினால் அவர் திருப்பித் தருவது எப்போதும் ஈரமாக இருக்கும், தாள்கள் உப்பியிருக்கும். மழையில் நனைந்ததோ என்று பொலான்யோ எண்ணியிருந்தாராம். பிறகுதான் தெரிந்தது: அவர் ஷவருக்கு அடியில் நின்று படிக்கிறவர். ஒரு கை புத்தகத்தோடு தண்ணீருக்கு வெளியே, மறு கையில் சோப்பு. படிப்பதை நிறுத்த மனசு வராது, குளிக்காமலும் இருக்க முடியாது. நாவலில் லீமாவும் பாரிஸில் தோழி ஒருத்தியின் குளியலறையில் இதையேதான் செய்கிறான்.  பட்டறையில் உங்கள் பக்கத்து நாற்காலியில் இப்படி ஒரு ஆள் இருந்திருப்பார். அவர் எழுதிய கவிதை நினைவில் இருக்காது. சாம்பார் சிந்திய பக்கத்தோடு அவர் திருப்பித் தந்த புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கும்.

அசல் மனிதர்கள் என்ற பேச்சு வந்துவிட்டது. அடிவயிற்று யதார்த்தவாதத்தின் நிஜப் பெயர் இன்ஃப்ராரியலிசம். பொலான்யோவின் குடும்பம் 1968-இல் மெக்சிகோவுக்குக் குடிவந்தபோது அவருக்கு 15 வயது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1975, 76 வாக்கில் மரியோ சந்தியாகோ, புரூனோ மொந்தானே முதலியவர்களோடு இந்தக் குழு உருவாயிற்று. பல்கலைக்கழகப் பட்டறை ஒன்றில் ஆசிரியரை விலகச் சொல்லிக் கையெழுத்து வாங்கப் பார்த்ததில் ஆரம்பித்தது எங்கள் கலகம் என்பது குழுவினர் பின்னாளில் சொன்ன கதை. 1976-இல் அறிக்கை வந்தது. பொலான்யோவின் முதல் சிறு கவிதைநூல் கை அச்சுக்கூடத்தில் அச்சாகி வந்ததும் அந்த வருடமே. 1977-இல் அவர் ஸ்பெயினுக்குப் போய்விட்டார், திரும்பி மெக்சிகோவுக்கு வரவேயில்லை. குழு கலைந்தது என்று சொல்வதா, கரைந்தது என்பதா தெரியவில்லை.

இவர்களுக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். ஒக்தாவியோ பாஸைவிடப் பொருத்தமான ஆள் அந்த ஊரில் இல்லை. நம் வாசகர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1962 முதல் டெல்லியில் மெக்சிகோவின் தூதராக இருந்தவர். 1968 அக்டோபர் 2 அன்று த்லாத்தெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்களை ராணுவம் சுட்டுத் தள்ளியதும், ஒலிம்பிக் போட்டிக்குப் பத்தே நாள் இருந்த அந்தச் சமயத்தில், டெல்லியிலிருந்தபடியே பதவியை உதறியவர். அப்படிப்பட்டவரையே ஏழெட்டு வருடத்தில் இளைஞர்கள் அதிகார பீடமாகப் பார்த்தார்கள். நியாயமா என்று கேட்டால், நியாயமில்லைதான். ஆனால் மானியமும் பத்திரிகையும் பரிசும் ஒரே கையைச் சுற்றி நடக்கிற ஊரில் இருபது வயதுக்காரர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்?

நாவல் இந்தப் பகையை முடித்துவைக்கும் விதம்தான் விசேஷம். பாஸின் காரியதரிசியாக வரும் பெண் பேசுகிறாள். முதுமையில் இருக்கும் பாஸ், நகரத்தின் தெற்கே உள்ள உந்திதோ பூங்காவுக்கு ஒருநாள் தன்னைக் கூட்டிப்போகச் சொல்கிறார். அங்கே வட்டமாக நடக்கிறார். எதிர்த்திசையில் இன்னொரு ஆள் வட்டமாக நடக்கிறான், பார்க்கப் பரதேசி போல இருக்கிறான். இருவரும் ஒருவரையொருவர் கடந்துபோகிறார்கள், பேசவில்லை. மறுநாளும் அப்படியே. பிறகு காரியதரிசி போய் விசாரித்து, பெயரைத் தெரிந்துகொண்டு இருவரையும் அறிமுகம் செய்துவைக்கிறாள். உலீசெஸ் லீமா. நோபல் பரிசு பெற்றவரும் பட்டறையிலிருந்து எழுந்துபோனவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அமைதியாகப் பேசிக்கொள்கிறார்கள். அடிதடி இல்லை, மன்னிப்பும் இல்லை. நிஜத்தில், நாவல் வந்த 1998-ஆம் வருடம் ஜனவரியில் மரியோ சந்தியாகோ மெக்சிகோ நகரத் தெருவில் கார் மோதி இறந்தார். ஏப்ரலில் பாஸும் இறந்தார். அந்தப் பெஞ்சைப் பற்றி இருவருக்குமே தெரியாது.

அந்த 1968-இன் நிழலில் இன்னொரு பெண்ணும் நிற்கிறாள். அவ்க்ஸீலியோ லக்குத்தூர், உருகுவே நாட்டுக்காரி, முன்பற்கள் விழுந்தவள், இளங்கவிஞர் எல்லோருக்கும் தான் தாய் என்று சொல்லிக்கொள்பவள். செப்டம்பர் 18 அன்று ராணுவம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தபோது அவள் இலக்கியத் துறைக் கட்டடத்தின் பெண்கள் கழிப்பறையில் ஸ்பானியக் கவிஞர் பேத்ரோ கார்ஃபியாஸைப் படித்துக்கொண்டிருந்தாள். பூட்ஸ் சத்தம் கேட்டதும் கால்களைத் தூக்கிக்கொண்டாள். வெளியே வரவில்லை. குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாள்கணக்கில் உள்ளேயே இருந்தாள். இது கற்பனை இல்லை. அல்சிரா சூஸ்த் ஸ்கஃபோ என்ற உருகுவே நாட்டு ஆசிரியை நிஜமாகவே அப்படி ஒளிந்திருந்து, ராணுவம் விலகிய பிறகே வெளிவந்தார். பொலான்யோ அவருக்காக, இந்த நாவல் வந்த மறு வருடமே, ‘அமுலெத்தோ’ என்று தனி நாவல் எழுதினார். பல்கலைக்கழகம் முழுவதும் காலியான நேரத்தில் அங்கே மிச்சம் இருந்தது, சம்பளப் பட்டியலிலும் இல்லாத, மாணவர் பதிவேட்டிலும் இல்லாத ஒரு கவிதை வாசகி.

வேலை என்ற விஷயத்துக்கு வருவோம். பட்டறைகளில் யாரும் பேசாத விஷயம் அது. இந்த நாவலில் எல்லோரும் ஏதாவது வேலை செய்கிறார்கள், நாவலும் அதைக் கூச்சமில்லாமல் எழுதுகிறது. அமதேயோ சால்வத்தியெர்ரா என்ற கிழவர் 1920-களின் கவிஞர். அப்போது மெக்சிகோவில் எஸ்த்ரிதென்திஸ்மோ என்ற நிஜமான இயக்கம் இருந்தது; மானுவெல் மாப்லெஸ் ஆர்ஸே 1921 டிசம்பரில் அறிக்கையைச் சுவரொட்டியாக அச்சிட்டுத் தெருவில் ஒட்டித் தொடங்கியது. கிழவர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். இப்போது பிழைப்புக்கு சாந்தோ தொமிங்கோ சதுக்கத்தில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்து எழுத்தறியாதவர்களுக்கு மனுவும் கடிதமும் எழுதிக்கொடுக்கிறார். அந்தச் சதுக்கத்தின் வளைவுகளுக்குக் கீழே இந்த எழுத்தர்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதேதான். இங்கே காதல் கடிதமும் சேர்த்தி. ஒருகாலத்தில் உலகத்தையே மாற்றும் வரிகளை எழுதப் புறப்பட்டவர், இப்போது யாரோ ஒரு வேலைக்காரப் பெண்ணின் காதலை யாரோ ஒரு சிப்பாய்க்குத் தட்டச்சு செய்கிறார். அவர் வருத்தப்படவில்லை. ‘லோஸ் சுயிசிதாஸ்’ என்ற மெஸ்கால் சாராயத்தைத் திறந்து, விடிய விடியப் பேசுகிறார்.

பெலானோவும் லீமாவும் அவரிடம் வந்தது சேசாரேயா தினாஹெரோவைத் தேடி. அடிவயிற்று யதார்த்தவாதம் என்ற பெயரை 1920-களில் முதலில் வைத்தவள் அவள். அச்சானது ஒரே கவிதை. அதில் சொல்லே கிடையாது. நேர்க்கோடு, அலைக்கோடு, முள்முள்ளான கோடு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னப் பெட்டி. கிழவர் அதை நாற்பது வருடமாகப் பார்க்கிறார், பிடிபடவில்லை. பையன்களுக்கு அது வேடிக்கைக் கதை போலத் தெரிகிறது: அமைதியான கடலில் படகு, அலையில் படகு, புயலில் படகு. துப்பறியும் பயணம் எல்லாம் இந்தப் படகின் சொந்தக்காரிக்காகத்தான். மூன்றாம் துண்டில், பாலைவனத்தில் வில்யாவிசியோசா என்ற, யாரும் அறியாத ஊரில் அவளைக் கண்டுபிடிக்கிறார்கள். பொதுத் தொட்டியில் துணி துவைக்கும் பெண்களில் ஒருத்தி. பாறை மாதிரி உடம்பு. கவிஞர் என்று அடையாளம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் வந்த காரணத்தாலேயே, துரத்தி வந்தவர்களின் துப்பாக்கிச் சண்டையில் அவள் சாகிறாள். அவளுடைய நோட்டுப் புத்தகங்கள் கார்சியா மதேரோவின் கையில் மிஞ்சுகின்றன. படித்துப் பார்க்கிறான். டைரியில் அவற்றைப் பற்றிப் பெரிதாக எதுவும் எழுதவில்லை.

(கதையைச் சொல்லிவிட்டதாகக் கோபிக்க வேண்டாம். இந்த நாவலில் கதை தெரிந்துவிடுவது பஸ்ஸில் இறங்கும் இடம் தெரிந்திருப்பது மாதிரிதான்.)

பொலான்யோவின் சொந்த வாழ்க்கையும் இந்த வேலைப் பட்டியலில் சேரும். பாத்திரம் கழுவினார், திராட்சை பறித்தார், பார்சலோனாவுக்குத் தெற்கே கஸ்தெல்தெஃபெல்ஸில் விடுமுறைக் கூடாரமுகாம் ஒன்றின் இரவுக் காவலாளியாக இருந்தார். பிளானெஸ் என்ற கடலோர ஊரில் கவரிங் நகைக் கடையில் வியாபாரம் பார்த்தார். 1990-இல் மகன் பிறந்தான். அதற்குப் பின் உரைநடைக்கு அழுத்தமாகத் திரும்பினார், கவிதையில் அரிசி வேகாது என்பதால். ஸ்பெயினின் சிற்றூர் நகராட்சிகள் நடத்தும் சிறுகதைப் போட்டிகளுக்கு வரிசையாக அனுப்பினார். ‘சென்சீனி’ என்ற அவருடைய சிறுகதையே இதைப் பற்றியதுதான்: நாடுகடந்து வாழும் ஒரு முதிய எழுத்தாளர், ஒரே கதையைத் தலைப்பு மாற்றி மாற்றிப் பல ஊர்ப் போட்டிகளுக்கு அனுப்பும் கலையை இளைஞன் ஒருவனுக்குக் கடிதம் மூலம் கற்றுத் தருகிறார். எந்தப் பட்டறையிலும் இல்லாத பாடத்திட்டம். அந்தக் கிழவருக்குப் பின்னால் அர்ஜென்டினா எழுத்தாளர் அந்தோனியோ தி பெனெதெத்தோ நிற்கிறார் என்பது தெரிந்த விஷயம். உலகப் புகழ் பெற்ற பிறகும் பொலான்யோ தன்னை முதலில் கவிஞன் என்றுதான் சொல்லிக்கொண்டார்.

பட்டறை என்ற சொல்லை இங்கே கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். நம் ஊரில் அது இரும்பு அடிக்கும் இடம். அமெரிக்காவில் அது பட்டம் தரும் படிப்பு. அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இல் தொடங்கியது. அதன் பொறுப்பை 2006-இல் ஏற்ற லான் சமந்தா சாங் 2010-இல் ஒரு சிறிய நாவல் எழுதினார். ஒரே வகுப்பில் இரண்டு மாணவக் கவிஞர்கள், கறாரான ஒரு பெண் ஆசிரியர். ஒருவன் பரிசும் பேராசிரியர் வேலையும் பெறுகிறான். மற்றவன் ஒரே நெடுங்கவிதையோடு வருடக்கணக்கில் வறுமையில் உட்கார்ந்திருக்கிறான். நுணுக்கமான புத்தகம், ஆனால் அதில் தராசு கையை விட்டு இறங்குவதே இல்லை: யார் ஜெயித்தார், என்ன விலை கொடுத்தார். அதே அயோவாவுக்கு 1973-இல் உலக எழுத்தாளர்களுக்கான வேறொரு திட்டத்தில் போன அசோகமித்திரன், அந்த மாதங்களை ‘ஒற்றன்!’ என்று நாவலாக்கினார். அவருக்குத் தராசே இல்லை. குளிரும் பாஷையும் சக எழுத்தாளர்களின் விசித்திரமும் போதுமானதாக இருந்தன. அவர் புத்தகத்தில் ஒற்றன், பொலான்யோ புத்தகத்தில் துப்பறிவாளர். எழுத்தாளக் கூட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த இருவருக்குமே உளவு வேலைதான் தலைப்பாகத் தோன்றியிருக்கிறது.

1999-இல் கராகாஸ் நகரில் காயேகோஸ் பரிசை வாங்கிக்கொண்டு பேசிய பொலான்யோ, தான் எழுதியதில் பெரும்பகுதி தன் தலைமுறைக்கு எழுதின காதல் கடிதம் அல்லது விடைபெறும் கடிதம் என்ற பொருள்படச் சொன்னார். 1950-களில் பிறந்து, இருபது வயதில் கையிலிருந்த ஒரே சொத்தான இளமையை ஏதோ ஒரு லட்சியத்துக்குத் தூக்கிக் கொடுத்தவர்கள் அவர் சொன்ன தலைமுறை. ஆக இந்த நாவலே ஒரு கூட்டத்துக்கு எழுதிய திறந்த மடல்தான். உங்களுக்கு வந்திருக்கும் இந்தத் தாள் அதன் மேல் ஒட்டின முகவரிச் சீட்டு, அவ்வளவே.

இரண்டாம் துண்டின் கடைசியை ஒட்டி ஒரு பேராசிரியர் பேசுகிறார். 1996 டிசம்பர், பச்சூக்கா நகரப் பல்கலைக்கழகம். அடிவயிற்று யதார்த்தவாதிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரே ஆள் மெக்சிகோவில் தான்தான், ஒருவேளை உலகத்திலேயே தான்தான் என்று பெருமையோடு சொல்கிறார். யார் இறந்தார், யார் எங்கே வேலை பார்க்கிறார், யார் இன்னும் எழுதுகிறார் எல்லாம் விரல் நுனியில். பேட்டி எடுப்பவர் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்கிறார் போலிருக்கிறது. கேள்வி நமக்குக் காதில் விழாது, பதில் மட்டும்தான். ஹுவான் கார்சியா மதேரோவா? இல்லை, கேள்விப்பட்டதில்லை. அப்படி ஒருவர் அந்தக் குழுவில் இருந்ததே இல்லை என்று உறுதியாகச் சொல்கிறார்.

முதல் 100 பக்கத்துக்கு மேல் அவனுடைய டைரி. யார் என்ன சாப்பிட்டார்கள், யார் எந்தப் புத்தகத்தைத் திருடினார்கள், யார் யாரைக் காதலித்தார்கள் என்று அவன் எழுதி வைத்திராவிட்டால் அந்தக் குழுவே நமக்குக் கிடையாது.

அதன் பிறகு சில பக்கங்களுக்குக் கிழவர் சால்வத்தியெர்ராவின் மெஸ்கால் இரவு. அது முடிந்ததும் மூன்றாம் துண்டு தொடங்குகிறது. 1976 ஜனவரி 1. இம்பாலா வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே பெலானோ, லீமா, லூபே. கூடவே ஒருவன், பொழுது போகவில்லை என்று, யாப்புச் சொற்களாகப் பொறுக்கி ஒவ்வொன்றாகக் கேட்கிறான்: இந்தப் பாவகைக்கு என்ன பெயர், அந்த அணிக்கு என்ன பெயர். கவிதை இயக்கத்தின் தலைவர்கள் இருவருக்கும் பாதிக்கு மேல் தெரியவில்லை. லூபே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் தெருவில் புழங்கும் கொச்சை வார்த்தைகளாக எடுத்து, இதற்கு அர்த்தம் சொல் பார்க்கலாம் என்று அவனைத் திருப்பிக் கேட்க ஆரம்பிக்கிறாள்.

இப்படிக்கு,
கடைசி பெஞ்சில் உங்களோடு உட்கார்ந்திருந்த ஒருவர்